மாப்பிள்ளையை எங்கே சேர்ப்பது?

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். அழவில்லை. அழுது ஓய்ந்த பிறகு ஒரு குரல் வருமே, அந்தக் குரல். "அண்ணே, விடிகாலையில வேன் வருது. இவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். மூணு மாசத்துக்கு முப்பதாயிரம் கேக்கிறாங்க. அனுப்பிடட்டுமா?"

'இவர்' என்றது அவள் வீட்டுக்காரரை, குடியை விட முடியாதவர். வேன் அனுப்புவது ஒரு தனியார் மது மீட்பு மையம். வேண்டாம் என்றேன். "அப்போ வேற எங்கண்ணே கொண்டுபோய்ச் சேர்க்கிறது?" என்று கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வெளியே யாரிடமும் கேட்காமல் இருக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கும்.

எங்கள் வீட்டில் அண்ணன் பதினோரு வருடம் குடித்தார். வயரிங் வேலை. கடைசி இரண்டு வருடம், காலையில் கை நடுங்கும் நடுக்கத்தில் டெஸ்டர் முனை ஸ்க்ரூவின் பள்ளத்தில் உட்காராது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து கிளாஸிடம் வாயைக் கொண்டுபோவார். டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் பிளாக்கில் ஒரு கட்டிங் வாங்கி ஊற்றினால்தான் கை நிற்கும், வேலை ஓடும். இப்போது ஆறு வருடமாகக் குடிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் முயன்று பார்க்காத வழி இல்லை.

வழிகளை எடைபோடும்போது எல்லோரும் கேட்பது, "இதுல நிறுத்திடுவாரா?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். இன்று கேட்கச் சொன்னால் வேறொன்று கேட்பேன்: நிறுத்தி, இரண்டு மாதம் கழித்து மறுபடி குடித்துவிட்டு வந்து நின்றால் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? போதைக்குச் சிகிச்சை எடுத்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி அதைத் தொடுகிறார்கள் என்பது மருத்துவர்கள் பரவலாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமாக்காரர்களும் ஏறக்குறைய அதே அளவில் மறுபடி சீக்காகிறார்கள். ஆக, அந்த நாள் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அது வரும்போது அந்த வாசல் திறந்திருக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், வழி என்றே சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்." அண்ணிக்கு அப்போது வயது இருபத்திமூன்று. பெண் பார்க்கப் போன அன்று அண்ணன் குடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பாரத்தை ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் பொடி. 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து செல்போன் வரைக்கும் விளம்பரம் இருக்கிறது. அண்ணியும் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொடியை வாங்கி ரசத்தில் கலந்தார். குடி நிற்கவில்லை. பாக்கெட் அண்ணன் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அண்ணி கையால் அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை.

இப்படிக் கலந்து கொடுக்கப்படும் மருந்துகளில் டைசல்ஃபிரம் முக்கியமானது. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு எதிரான மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உடம்புக்குள் போன சாராயம் முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அப்புறம்தான் தீங்கில்லாத பொருளாகும். இந்த இரண்டாவது படியை மருந்து அடைத்துவிடுகிறது. அதன் மேல் குடித்தால் முகம் செக்கச்செவேலென்று சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. தன் உடம்பில் அது இருப்பதே தெரியாதவர் எதை நம்பி ஜாக்கிரதையாக இருப்பார்?

ஆனால் இதே மாத்திரைதான் பிற்பாடு எங்களுக்குக் கைகொடுத்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து, அண்ணன் விளக்கம் கேட்டுச் சம்மதித்து, தினமும் காலையில் காபியோடு அண்ணி எடுத்துத் தர, அவர் எதிரிலேயே போட்டுக்கொண்டார். "இன்னைக்கு முடிவு எடுத்தாச்சு, இனி நாள் முழுக்க அதோட மல்லுக்கட்ட வேண்டாம்" என்று அண்ணன் சொல்வார். ரசத்தில் ஒளித்த மருந்துக்கும் காபியோடு நீட்டிய மருந்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

மூன்றாவது, சாமி. மாலை போட்டுவிட்டால் ஒரு மண்டலம் தொட மாட்டான் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊரே 'சாமி' என்று கூப்பிடும்போது குடிகாரன் என்று பெயரெடுத்த ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதையை வேறு எந்தச் சிகிச்சையும் அவ்வளவு சீக்கிரம் தராது. கூட்டாளிகளும் அந்த நாட்களில் கூப்பிட மாட்டார்கள். கொஞ்சமாகக் குடிப்பவருக்கு இது போதுமானதாகக்கூட இருக்கலாம்.

அண்ணன் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தார். எங்களுக்குத்தான் தெரியவில்லை. மாலை போட்ட இரண்டாம் நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார், வலிப்பு. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவர் தூங்கவே இல்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் இல்லாத வயரை முறுக்கி, இல்லாத டேப்பைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார். வேலை அத்தனை சுத்தம். பார்த்துக்கொண்டிருந்த அம்மா சாமி வந்திருப்பதாக நினைத்துத் திருநீறு பூசினார்.

வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, குடியைத் திடீரென்று நிறுத்தியதும் இப்படிப் பொங்கும். ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் இந்தப் பிதற்றல் வரலாம். கவனிக்காவிட்டால் ஆள் செத்துப்போகலாம். குளுக்கோஸ் விஷயமும் அப்படித்தான். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 காலியாகிக் கிடக்கும். அதை ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, "நாளையிலேர்ந்து ஒரு சொட்டு கிடையாது" என்று வீட்டுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். மாலை போடுவதானால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

விரதம் தவறினால் என்ன என்ற கேள்விக்குக் கோயில் வழியில் கிடைக்கும் பதில் 'பாவம்' என்பதுதான். பாவம் செய்தவர் வெட்கப்பட்டு ஒளிவார். ஒளிந்தவர் இன்னும் குடிப்பார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

பெரியாஸ்பத்திரியில் அன்று உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மனநலப் பிரிவில் காட்டச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. "குடிக்கிறான், அவ்வளவுதானே, பைத்தியமா என்ன?" என்றார் மாமா. இந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு இரண்டு வருடத்தைத் தின்றது. நாங்கள் மட்டுமில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு உதவி கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மீதி 37 பேரும் எங்களைப் போலத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்த வீடுகளில்தான் இருந்திருப்பார்கள்.

சரி, வேன் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனையும் அப்படித்தான் அனுப்பினோம். விடிகாலை நாலு மணி, நாலு ஆட்கள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். லுங்கியோடு தூக்கிப் போனார்கள். முதல் மாதம் பார்க்க விடவில்லை. போனில் பேசவிட்டபோது பக்கத்தில் ஆள் நின்றிருந்தார். பிறகுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு, பாதி உடம்பாக வந்தார். ஒன்பதாம் நாள் குடித்தார். அந்த இடத்துக்குப் போன் போட்டேன். "மறுபடி அனுப்புங்க சார், இந்தத் தடவை ஆறு மாசம் வச்சிருப்போம்" என்றார்கள். என் கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் அது. வந்த பிறகு இரண்டு வருடம் அண்ணன் அறைக்குள் தாழ் போட்டுத்தான் தூங்கினார். தெருவில் பால் வேன் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். என்னோடு அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதனால் மது மீட்பு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது தடைசெய்கிறது. கட்டாய மொட்டையும் கூடாது என்று தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்கவும் வழி உண்டு. ஆனால் அவர் சார்பில் நியமிக்கப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு நிபுணர்கள் பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள்தான். நாலு ஆட்களும் ஒரு வேனும் இதில் எங்கேயும் வரவில்லை.

எல்லாத் தனியார் மையமும் அப்படி என்று சொல்லமாட்டேன். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே குடித்தவருக்கு நடப்பது போலவே குடும்பத்துக்கும் தனியாகப் பயிற்சி நடக்கிறது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய முகாம். ஆளை நகரத்துக்கு இழுக்காமல் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் தெருவில் விழுந்து கிடந்தாரோ, அதே தெருவின் கண்ணெதிரிலேயே எழுந்து நிற்பது வேறு விஷயம். வேனில் கண்காணாமல் போய் வருகிறவருக்கு அது கிடைக்காது.

தனியார் மையம்தான் என்று முடிவுசெய்தால் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எந்த நேரம் வருவார் என்று கேளுங்கள். ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, நாங்கள் இரண்டு வருடம் தள்ளிப்போட்ட இடம்: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் டாக்டர்களைப் பார்க்கலாம். ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று டாக்டர் கேட்டார். அண்ணன் "ஒரு குவார்ட்டர் சார்" என்றார். அண்ணி மூன்று விரலைக் காட்டினார். இந்த இடத்தில் வெட்கப்படாமல் நிஜத்தைச் சொல்ல வேண்டும். ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. மூன்று என்றால் 180. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையின் அளவை இதை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். குளோர்டயசெபாக்சைடு கொடுத்து, பத்து நாளில் படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் நாளே பி1 ஊசி. வலிப்பும் வரவில்லை, எறும்பும் வரவில்லை. அதே மனிதர், அதே உடம்பு.

செலவு என்று பார்த்தால் எங்கள் சாப்பாடும் பஸ் காசும்தான். ஆனால் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பத்து நாள் நான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன், பத்து நாள் கூலி போச்சு. தினக்கூலிக் குடும்பத்துக்கு இதுவே பெரிய தடை. வார்டில் நெரிசல். மறுபரிசோதனைக்குப் போனால் மூன்று நிமிடம், மாத்திரை, அடுத்த தேதி. மனம்விட்டுப் பேச அங்கே யாருக்கும் நேரமில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் அண்ணன் குடித்தார்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் கூட்டிப் போனேன். இளம் டாக்டர், பயிற்சியில் இருப்பவர். "எத்தனை நாள் குடிக்காம இருந்தீங்க?" என்று கேட்டார். நாற்பத்தேழு என்று தரையைப் பார்த்துச் சொன்னார் அண்ணன். "நாற்பத்தேழு நாளா! நல்லா இருந்திருக்கீங்களே. நாற்பத்தெட்டாம் நாள் என்ன நடந்துச்சு, சொல்லுங்க." அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடத்தில் அவர் குடிக்காத நாட்களை யாரும் எண்ணியதில்லை. சைட்டில் சம்பளம் தந்த சனிக்கிழமை, மேஸ்திரி, பக்கத்துக் கடை என்று எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு சம்பளம் அண்ணி கணக்குக்குப் போனது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் உண்டென்றும், டைசல்ஃபிரத்தை எப்படி எடுக்க வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் விளக்கமாகச் சொன்னார்கள். அண்ணன் டைசல்ஃபிரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த டாக்டர்தான் ஏஏ கூட்டத்துக்கும் போகச் சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. கட்டணம் இல்லை. நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. எங்கள் ஊரில் ஒரு பள்ளியின் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடுவார்கள். பேங்க் அதிகாரியும் மூட்டை தூக்குபவரும் பக்கத்தில் பக்கத்தில். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார்கள். ஆஸ்பத்திரி மூன்று நிமிடம் தந்தது, இங்கே ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. குடிக்காமல் ஒரு வருடம் முடிந்தால் பிறந்தநாள் என்று கேக் வெட்டுவார்கள். மறுபடி குடித்துவிட்டு வந்தவருக்கு நாற்காலி தருவார்கள். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இது வெறும் ஆறுதல் இல்லை என்பதற்கு, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இருக்கிறது. குடியை முழுதாக விட்டு நீடிப்பதில், ஆளை ஏஏ வழியில் செல்ல வைக்கும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்வதாக அது கண்டது.

குறை இல்லாமல் இல்லை. நடுங்கும் கையோடு வருபவருக்கு ஏஏ மருந்தாகாது, ஆஸ்பத்திரி முடித்துத்தான் வர வேண்டும். கடவுள் பேச்சு சிலருக்கு ஒட்டாது. குடிக்கும் பெண்கள் அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைவது சுலபமில்லை, அவர்களைப் பற்றி நம் சமூகம் வாயே திறப்பதில்லை. மாத்திரையை விட்டுவிடு என்று அரைகுறையாகச் சொல்பவரும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், அதைக் கேட்க வேண்டியதில்லை. அண்ணி குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போனார். அவருடைய தூக்கம் திரும்பியது அங்கேதான்.

கடையை மூடினால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். கடைகள் குறைய வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 2020 ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்த வாரங்களில் வார்னிஷும் ஷேவிங் லோஷனும் குடித்து இங்கே ஆட்கள் செத்தார்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு 60க்கு மேற்பட்டவர்களைக் கொடுத்தோம். கடை திறந்தாலும் மூடினாலும் அடிமையான உடம்புக்குச் சிகிச்சை வேண்டியிருக்கிறது.

தங்கையிடம் அன்று ராத்திரி சுருக்கமாகச் சொன்னது இதுதான். வேனை வேண்டாம் என்று சொல்லு. ஆஸ்பத்திரி போகும்வரை குடியை நீயாக நிறுத்தாதே. ராத்திரியில் பேசாதே, காலையில் தெளிவாக இருக்கும்போது பேசு. அவர் வராவிட்டால் நீ மட்டும் போய் டாக்டரிடம் கேள். போக முடியாவிட்டால் 14416க்குப் போன் செய், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. கை நீட்டினார் என்றால் அது தனிக் கணக்கு, சிகிச்சைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்காதே, பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடு. கிளம்பி இங்கே வந்துவிடு.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. "அண்ணே, வர்றேன்னு சொல்லிட்டாரு. ஆனா பெரியண்ணன் கூட வந்தா வர்றேங்கிறாரு."

அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் சைட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பையில் ஒரு லுங்கி, துண்டு, தண்ணீர் பாட்டில். "பத்து நாளுக்கு ஆள் வேணும்ல" என்றபடி என்னிடம் பாயைக் கேட்டார். வார்டில் நான் படுத்த அதே பாய்தான், பரணிலிருந்து எடுத்து உதறிக் கொடுத்தேன்.